கார் ஹீட்டர்ல ஜில்லுனு காத்து வருதா? பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு ஹோஸைத் தொட்டுப் பாருங்க

போன ஜனவரில ஊர்லருந்து அம்மா வந்திருந்தாங்க. திருச்சி வெயில்லயே வளர்ந்த உடம்பு, இங்க டொராண்டோல அன்னிக்கு மைனஸ் 18, ஏர்போர்ட்லருந்து 401 ஹைவேல ஸ்கார்பரோவுக்கு வந்துட்டு இருக்கோம், ஹைவேல ஓடுற வரைக்கும் நல்லா கதகதன்னு வந்துட்டிருந்த ஹீட்டர், டிராஃபிக்ல நின்ன ரெண்டாவது நிமிஷமே ஜில்லுனு ஊத ஆரம்பிச்சிடுச்சு. அம்மா ரெண்டு ஷாலை இழுத்துப் போத்திக்கிட்டு "ஏசியை அமத்துப்பா"ன்னாங்க. அவங்க விரல் நுனி வெளுத்துப் போயிருந்ததைப் பாத்ததும் எனக்கு வயித்தைப் பிசைஞ்சிடுச்சு.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போனேன். பானட்டைத் திறந்து பிளாஸ்டிக் டேங்கைப் பாத்தாங்க, கூலன்ட் (இன்ஜின் சூட்டைத் தணிக்கிற திரவம்) கோட்டுக்கு நடுவுல சரியா நிக்குது, அப்போ உள்ள சூடு குடுக்கிற ஹீட்டர் கோர் அடைச்சிருக்கு, டேஷ்போர்டு முழுசும் கழட்டணும், 1,400 டாலர் ஆகும்னு சொல்லிட்டாங்க. நான் யோசிச்சு சொல்றேன்னு வீட்டுக்கு வந்துட்டேன். அடுத்த நாள் காலைல இன்ஜின் நல்லா ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டர் மூடியையே திறந்து டார்ச் அடிச்சுப் பாத்தா, உள்ள கூலன்ட்டே கண்ணுல படல, உள்ள இருக்கிற குழாய் முனைங்கதான் தெரியுது. டேங்க்ல ஃபுல்லு, ரேடியேட்டர்ல காலி. மூடியைத் திருப்பிப் பாத்தேன், அடியில இருக்கிற ரப்பர் வளையம் காஞ்சு, நகத்தால தொட்டா பொடிப்பொடியா உதிருது. புது மூடி ஒண்ணு, கூலன்ட் ஒண்ணரை லிட்டர், அவ்வளவுதான் செலவு. அதனாலதான் இதை உக்காந்து எழுதுறேன். ஹீட்டர் ஜில்லுனு ஊதுறதுக்குப் பல காரணம் இருக்கு, ஆனா எந்தக் காரணம்னு பெரும்பாலும் டேஷ்போர்டுல இன்ஜின் சூட்டைக் காட்டுற டெம்பரேச்சர் முள்ளும் உங்க கையும் சேர்ந்தே சொல்லிடும்.

முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா. இன்ஜின்ல எரியிற பெட்ரோல்ல பெரும்பகுதி சூடாத்தான் வீணாப் போகுது, அந்தச் சூட்டுல ஒரு பகுதியைக் கூலன்ட் சுமந்துட்டுப் போய் முன்னாடி இருக்கிற ரேடியேட்டர்ல விடுது. போற வழியில ஒரு கிளை பிரிஞ்சு டேஷ்போர்டுக்குப் பின்னாடி இருக்கிற ஒரு குட்டி ரேடியேட்டருக்குள்ள போயிட்டு திரும்பி வரும், அதுதான் ஹீட்டர் கோர். புளோயர் அது வழியா காத்தைத் தள்ளும், நமக்கு சூடு வரும். அப்போ கூலன்ட் போதுமான அளவு இருக்கணும், அது சூடாகணும், கோருக்குள்ள ஓடணும், காத்து கோர் வழியாப் போகணும். இந்த நாலுல எது நிக்குதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் மொத்த வேலையும்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விஷயத்துல பிடிவாதமா இருங்க. இன்ஜின் சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் டேங்க் மூடியையோ திறக்கவே கூடாது. உள்ள கூலன்ட் அழுத்தத்துல இருக்கு, திறந்த நொடில கொதிச்சு மூஞ்சில அடிக்கும். குறைஞ்சது ரெண்டு மணி நேரம் ஆறட்டும், காலைல வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி பாத்தா இன்னும் நல்லது. அப்புறம் கதவு மூடின கராஜுக்குள்ள இன்ஜினை ஓட விடாதீங்க, கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தெரியாமலேயே ஆளைச் சாய்ச்சிடும்.

ரெண்டு ஹோஸ் டெஸ்ட்

வண்டியை ஒரு 15, 20 நிமிஷம் ஓட்டிட்டு வாங்க, ஹீட்டர் ஃபுல் ஹாட்ல, புளோயர் நடுவுல இருக்கட்டும். நிறுத்திட்டு இன்ஜினை ஆஃப் பண்ணுங்க, ஏன்னா ஃபேனும் பெல்ட்டும் சுத்தும்போது கையை உள்ள விடக் கூடாது, தொங்குற ஷாலு, ஜாக்கெட் கயிறு எல்லாத்தையும் ஒதுக்கிடுங்க. பானட்டைத் திறந்தா இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவுல ஒரு தகர சுவர் இருக்கும், ஃபயர்வால்னு சொல்வாங்க, அதுக்குள்ள பக்கத்துல பக்கத்துல ரெண்டு ரப்பர் ஹோஸ் நுழையும், கட்டைவிரல் மொத்தத்துக்கு இருக்கும். அந்த ரெண்டுதான் ஹீட்டர் கோருக்குப் போற ஹோஸும் வர்ற ஹோஸும். ஒரு மெல்லிய கிளவுஸ் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணையும் லேசாத் தொட்டு உடனே கையை எடுத்துடுங்க, சரியா வேலை செய்ற வண்டில 80, 90 டிகிரி இருக்கும், பிடிச்சிட்டு நிக்க முடியாது. லேசர் டெம்பரேச்சர் கன் இருந்தா இன்னும் சுலபம்.

ரெண்டும் சுடுதுன்னா கூலன்ட் பக்கம் பிரச்சனையே இல்ல, காத்து போற பக்கம்தான் ஏதோ மக்கர். ஒண்ணு சுடுது, இன்னொண்ணு ஜில்லு இல்லன்னா வெதுவெதுன்னா கோருக்குள்ள அடைப்பு, இல்லன்னா காத்து மாட்டியிருக்கு. முள்ளு நார்மல்ல நிக்கும்போது ரெண்டும் ஜில்லுன்னா அங்க கூலன்ட்டே வந்து சேரல. ரெண்டும் வெதுவெதுன்னு, முள்ளும் கீழயே கிடந்தா தெர்மோஸ்டாட், அதாவது கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடுற வால்வு. இதைக் கையில வச்சுக்கிட்டு கீழ உங்க வண்டியோட அறிகுறி எதுன்னு பாருங்க.

நின்னா ஜில்லு, ஆக்சிலேட்டர் குடுத்தா சூடு

எனக்கு ஆனது இதுதான், அதிகமா எல்லாருக்கும் ஆகுறதும் இதுதான். கூலன்ட் குறைஞ்சிருக்கு இல்லன்னா சிஸ்டத்துக்குள்ள காத்து மாட்டியிருக்குன்னு அர்த்தம். ஹீட்டர் கோர் பல வண்டில உசரமான இடத்துல இருக்கும், கூலன்ட் குறைஞ்சா காத்து போய் முதல்ல உக்காருற இடம் அதுதான், ஐடில்ல, அதாவது வண்டி நின்னு இன்ஜின் மட்டும் ஓடும்போது, வாட்டர் பம்ப் மெதுவா சுத்தும், அப்போ அந்தக் காத்தைத் தள்ள அதுக்கு பலம் பத்தாது, நீங்க மிதிச்சா பம்ப் வேகமா சுத்தி எப்படியோ கொஞ்சம் தள்ளிடும், அதான் ஓடும்போது மட்டும் சூடு வருது. டேஷ்போர்டுக்குள்ள சலசலன்னு தண்ணி ஓடுற சத்தம் கேட்டா சந்தேகமே வேணாம், காத்துதான்.

இங்க நிறைய பேர் ஏமாறுற இடம் அந்த பிளாஸ்டிக் டேங்க். டேங்க்ல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, டேங்க் மூடியே அழுத்தம் தாங்குற கனமான திருகு மூடியா இருக்கும், ரேடியேட்டர்ல தனி மூடி இருக்காது, இதுல டேங்க்ல தெரியிற அளவுதான் உண்மையான அளவு. இன்னொண்ணு, ரேடியேட்டர் கழுத்துல உலோக மூடி, டேங்க் சும்மா வழிஞ்சதைப் பிடிச்சு வைக்கிற பாத்திரம் மாதிரி. சூடானா கூலன்ட் விரிஞ்சு டேங்குக்குப் போகும், ஆறும்போது ரேடியேட்டர் அதைத் திருப்பி உறிஞ்சிக்கும். மூடி ரப்பர் போயிடுச்சுன்னா, இல்ல அந்தச் சின்ன டியூப்ல விரிசல் விட்டுச்சுன்னா, உறிஞ்சும்போது கூலன்ட்டுக்குப் பதிலா வெளிக்காத்தை இழுத்துக்கும். டேங்க் அப்படியே ஃபுல்லா நிக்கும், ரேடியேட்டர் நாளுக்கு நாள் காலியாகும். அதனால ரெண்டாவது வகை வண்டின்னா ஆறின பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து கண்ணால பாக்காம கூலன்ட் சரியா இருக்குன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. கழுத்து வரைக்கும் நிக்கணும்.

குறைஞ்சிருந்தா ஊத்துங்க, ஆனா கண்டதை ஊத்தாதீங்க. வண்டி மேனுவல்ல என்ன வகை போட்டிருக்கோ அதே வகை. கலரைப் பாத்து வாங்காதீங்க, டொயோட்டா பிங்க், ஹோண்டா நீலம்னு கம்பெனிக்கு ஒரு கலர், கலர் வெறும் சாயம்தான், உள்ள இருக்கிற கெமிக்கல்தான் முக்கியம், சேராத ரெண்டு வகையைக் கலந்தா சேறு மாதிரி திரண்டு கோரை அடைச்சாலும் அடைச்சிடும். இன்னொண்ணு, கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊத்தினா இன்னும் நல்லதுன்னு சிலர் நினைக்கிறாங்க, தப்பு. சரிபாதி தண்ணி கலந்த கூலன்ட் மைனஸ் 37 வரைக்கும் தாங்கும், ஆனா கான்சன்ட்ரேட்ல முக்கியமா இருக்கிற எத்திலீன் கிளைக்கால், தண்ணி கலக்கலன்னா மைனஸ் 13 பக்கத்துலயே உறைய ஆரம்பிச்சிடும். பாட்டில்ல ஏற்கனவே கலந்ததுன்னு போட்டிருந்தா அப்படியே, இல்லன்னா டிஸ்டில்ட் வாட்டரோட பாதிக்குப் பாதி.

ஊத்தினா மட்டும் போதாது, காத்தை எடுக்கணும். வண்டி மூக்கு மேல பாத்து இருக்கிற மாதிரி ஏத்தமான டிரைவ்வேல நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டுடுங்க, இன்ஜின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து அதுல ஒரு ஃபனலை இறுக்கமா வச்சு ஊத்தி, ஹீட்டரை ஃபுல் ஹாட்ல வச்சு புளோயரைக் குறைச்சு, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி அப்படியே ஓட விடுங்க. குமிழ் குமிழா காத்து வரும், மட்டம் இறங்கும், இறங்க இறங்க ஊத்துங்க. கையில கிளவுஸ் போட்டுக்கிட்டு ரேடியேட்டர் மேல் ஹோஸை அப்பப்ப அமுக்கி விட்டா மாட்டின குமிழு சீக்கிரம் கிளம்பும். தெர்மோஸ்டாட் திறக்கும்போது மட்டம் சடார்னு ஒரு தடவை இறங்கும், அதுக்கு ரெடியா இருங்க. ரேடியேட்டர் ஃபேன் ரெண்டு தடவை ஓடி நின்னு, குமிழும் நின்னு, உள்ள சூடு வர ஆரம்பிச்சா முடிஞ்சது. சில வண்டில காத்து எடுக்கன்னே தனி ஸ்க்ரூ வச்சிருப்பாங்க, மேனுவல்ல பாத்துக்கோங்க. எனக்கு முழுசா 40 நிமிஷம் ஆச்சு, பொறுமை இல்லாம பாதில மூடியிருந்தா மறுபடி முதல்லருந்து பண்ண வேண்டி வந்திருக்கும்.

கீழ சிந்தினதை உடனே தண்ணி ஊத்தித் தொடைச்சிடுங்க, கூலன்ட் இனிக்கும், தெரு பூனையும் பக்கத்து வீட்டு நாயும் நக்கும், கொஞ்சம் நக்கினாலே கிட்னி போய் செத்துடலாம்.

முள்ளு மேல ஏறவே மாட்டேங்குது

அரை மணி நேரம் ஓட்டியும் முள்ளு நடுவுக்கு வரல, இல்லன்னா சிட்டில வந்துட்டு ஹைவே ஏறினதும் இறங்கிடுது, ஹீட்டரும் வெதுவெதுன்னுதான் வருதுன்னா தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலயே மாட்டிக்கிச்சு. அது ஒரு சின்ன வால்வு, உள்ள மெழுகு இருக்கும், மெழுகு உருகி விரிஞ்சா வால்வு திறக்கும், வண்டியைப் பொறுத்து 82லருந்து 95 டிகிரிக்குள்ள. திறந்தே கிடந்தா இன்ஜின் சூடாகுறதுக்குள்ள கூலன்ட் ரேடியேட்டருக்கு ஓடிப் போய் குளிர்ந்துட்டு வந்திடும், மைனஸ் 18ல ரேடியேட்டருக்கு வேற ஃபேனே தேவையில்ல.

கண்டுபிடிக்கிறது ரொம்ப சுலபம். காலைல ஆறின இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, மூணு நாலு நிமிஷத்துல ஆஃப் பண்ணிட்டு ரேடியேட்டர் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்க, முள்ளு இன்னும் அடியில இருக்கும்போதே ஹோஸ் சூடேற ஆரம்பிச்சிருந்தா அதுதான் கேஸ். சில வண்டில தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும், அப்போ அந்த ஹோஸைப் பாக்கணும். வண்டியோட கம்ப்யூட்டரைப் படிக்கிற புளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டா கூலன்ட் டெம்பரேச்சரை போன்லயே நம்பரா பாக்கலாம், முள்ளை விட அது நம்பகமானது. செக் இன்ஜின் லைட் எரிஞ்சு பி0128னு கோட் வந்தா அதோட அர்த்தமே கூலன்ட் வேண்டிய சூட்டுக்கு வரலைங்கிறதுதான், ஆனா கூலன்ட் குறைஞ்சாலும் சில நேரம் அதே கோட் வரும், அதனால மட்டத்தைப் பாத்துட்டு தெர்மோஸ்டாட் வாங்குங்க. பார்ட் விலை கம்மி, மாத்தும்போது கசியாம அடைக்கிற கேஸ்கெட்டையும் சேத்து மாத்துங்க, மறுபடி காத்து எடுக்க மறக்காதீங்க.

சும்மா நிறுத்தி வச்சு சூடாக்கிப் பாத்துட்டு ஹீட்டர் சரியில்லன்னு முடிவு பண்ணாதீங்க. இன்னிக்கு வர்ற சின்ன டர்போ இன்ஜின், டீசல் இன்ஜின் எல்லாம் ஐடில்ல சூடாக ரொம்ப நேரம் எடுக்கும், ஓட்டினாதான் ஏறும், அதோட டொராண்டோ ரோட்டுல ஒரு மணி நேரத்துக்கு ஒரு நிமிஷத்துக்கு மேல சும்மா இன்ஜினை ஓட விடக் கூடாதுன்னு சிட்டி விதியே இருக்கு.

ஒரு ஹோஸ் சுடுது, இன்னொண்ணு ஜில்லு

காத்தை முழுசா எடுத்தாச்சு, கூலன்ட் கழுத்து வரைக்கும் இருக்கு, அப்பவும் இப்படின்னா கோர் அடைச்சிருக்கு. ரொம்ப நாள் கூலன்ட் மாத்தாத வண்டி, லீக்கை அடைக்கிற பொடி போட்ட வண்டி, வெறும் பைப் தண்ணி ஊத்தி ஓட்டின வண்டி, இதுங்களுக்கு வரும். உடனே டேஷ்போர்டைக் கழட்டச் சம்மதிக்காதீங்க, முதல்ல ஃப்ளஷ் பண்ணிப் பாக்கலாம். கூலன்ட்டை வடிச்சிட்டு ரெண்டு ஹோஸையும் ஃபயர்வால் பக்கத்துல கழட்டி, கூலன்ட் வெளிய வர்ற பைப்ல தோட்டத்து ஹோஸை வச்சு எதிர்ப்பக்கமா தண்ணி விடணும். மெதுவா விடுங்க, கோர் ரொம்ப மெல்லிசான அலுமினியம், குழாயை ஃபுல்லாத் திறந்தா வெடிச்சு காருக்குள்ள ஊத்திடும். கழட்டும்போது ஹோஸ் ஒட்டிக்கிட்டு வரலன்னா இழுக்காதீங்க, பைப் வளைஞ்சா கதை முடிஞ்சுது, ஹோஸை நீளவாட்டுல கீறி எடுத்துட்டு புதுசு போடுங்க. முதல்ல வர்ற தண்ணி டீ டிகாஷன் மாதிரி வரும், சில சமயம் துருப் பொடியும் சேந்து வரும், தெளிவா வர்ற வரைக்கும் விட்டுட்டு, கடைசில டிஸ்டில்ட் வாட்டர் ஒரு தடவை. வர்ற பழைய கூலன்ட்டை ஒரு பக்கெட்ல பிடிச்சு கழிவு எடுக்கிற இடத்துல குடுங்க, சாக்கடைல விடாதீங்க.

இதை ஜனவரில வாசல்ல வச்சு பண்ணாதீங்க. உள்ள தங்கின தண்ணி கூலன்ட்டை நீர்க்க வச்சிடும், அன்னிக்கு ராத்திரியே உறைஞ்சு கோரும் போயிடும், இன்ஜின் பிளாக்கே விரிசல் விடலாம். சூடான கராஜ் இருந்தா மட்டும், இல்லன்னா ஃப்ளஷ் மட்டும் பண்ணச் சொல்லி ஒரு மெக்கானிக்கிட்ட குடுங்க, அதுக்கான கூலி டேஷ்போர்டு கழட்டுற கூலில ஒரு சின்ன பங்குதான் வரும்.

ரெண்டும் சுடுது, உள்ள மட்டும் ஜில்லு

பிளென்ட் டோர். டேஷ்போர்டுக்குள்ள ஒரு மடல் இருக்கு, காத்தைக் கோர் வழியா விடுறதா, சுத்தி விடுறதான்னு அதுதான் முடிவு பண்ணும், அதைத் திருப்புறது ஒரு தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய மோட்டார், ஆக்சுவேட்டர்னு பேரு. அதுக்குள்ள இருக்கிற பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைஞ்சா டெம்பரேச்சர் மாத்தும்போதெல்லாம் டிக் டிக் டிக்குனு கேக்கும், இல்லன்னா டிரைவர் பக்கம் சூடு, பக்கத்து சீட்டுக்கு ஜில்லுனு வரும். முதல்ல பேட்டரி நெகட்டிவ்வைக் கழட்டி பத்து நிமிஷம் விட்டு மாட்டி, சாவியை ஆன் பண்ணிட்டு ரெண்டு நிமிஷம் எந்த பட்டனையும் தொடாம விடுங்க, பல வண்டில மோட்டார் தன் எல்லையைத் தானே தேடிப் பிடிச்சுக்கும். ரேடியோவுக்கு கோட் கேக்கிற வண்டின்னா அதை முதல்ல எழுதி வச்சுக்கோங்க. சரியாகலன்னா கிளவ் பாக்ஸைக் கழட்டினா பல வண்டில கைக்கு எட்டும், மூணு குட்டி ஸ்க்ரூ, ஒரு கனெக்டர். பழைய வண்டில மோட்டாருக்குப் பதிலா கேபிள் இருக்கும், கிளிப் கழண்டு தொங்கிட்டு இருக்கும், மாட்டி விட்டா போதும்.

பழைய வண்டிங்கன்னா இன்னொண்ணு, ஹீட்டர் ஹோஸ்லயே ஒரு கண்ட்ரோல் வால்வு இருக்கும். அது மூடியே மாட்டிக்கிட்டா வால்வுக்கு இன்ஜின் பக்கம் சூடு, கோர் பக்கம் ஜில்லு.

காத்தே சரியா வரலன்னா இது வேற கணக்கு. கடைசி ஸ்பீடுல மட்டும் புளோயர் ஓடுதுன்னா ஸ்பீடைக் குறைக்கிற ரெசிஸ்டர் போயிருக்கு, எதுலயும் ஓடலன்னா ஃபியூஸ் இல்ல மோட்டார், சத்தம் மட்டும் பெருசா காத்து கம்மின்னா கேபின் ஃபில்டர் இலையும் தூசியுமா அடைச்சுக் கிடக்கும்.

பாகு காய்ச்சுற வாசனை, கால் மிதி ஈரம்

உள்ள இனிப்பா வாசனை வருது, கண்ணாடி உள்பக்கம் எண்ணெய் தடவின மாதிரி படலம், தொடைச்சா திரும்ப வருது, முன் சீட்டு கால் மிதிக்கு அடில ஈரம், இதெல்லாம் இருந்தா கோர் ஓட்டை. இதுக்குத்தான் உண்மையிலேயே டேஷ்போர்டைக் கழட்டணும், செலவைத் தள்ளிப் போட முடியாது, அந்த ஆவியை மூச்சுல இழுத்துக்கிட்டு பிள்ளைங்களை வச்சு ஓட்ட வேணாம்.

ஊத்த ஊத்த கூலன்ட் குறையுது

வெளிய எங்கயும் சொட்டல, ஆனா வாரா வாரம் குறையுது, காத்து எடுத்தும் குமிழ் நிக்கவே மாட்டேங்குது, சூடான பிறகும் சைலன்சர்ல வெள்ளைப் புகை, முள்ளு திடீர்னு ஏறி இறங்குதுன்னா ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதுக்கு மேல உக்காருற ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற சீல்) போயிருக்கலாம், எரியிற வாயு கூலன்ட்டுக்குள்ள வந்துட்டு இருக்கு. நீல கலர் திரவம் வச்சு ஒரு டெஸ்ட் இருக்கு, ரேடியேட்டர் கழுத்துல வச்சு உறிஞ்சிப் பாப்பாங்க, மஞ்சளா மாறினா உறுதி. ஹீட்டரை விடுங்க, இன்ஜினைக் காப்பாத்துற வேலை இது, அந்த டெஸ்ட் எடுக்கிற வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க. வாட்டர் பம்ப் பக்கத்துல காஞ்ச கூலன்ட் தடம் தெரிஞ்சா பம்ப் கசியுது, அது தனி கேஸ், ஆனா அதையும் விட்டா இன்ஜின் சூடேறிடும்.

ஹைப்ரிட் வச்சிருக்கிறவங்க ஈகோ மோடை ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவை பாருங்க, அதுல ஹீட்டரைக் குறைச்சு வச்சிருப்பாங்க.

வழியிலயே ஜில்லுனு ஆயிடுச்சுன்னா முதல்ல முள்ளைப் பாருங்க. ஹீட்டர் ஜில்லு, முள்ளு சிவப்பைப் பாத்து ஏறுதுன்னா கூலன்ட் தீர்ந்துட்டு இருக்கு, ஓரமா நிறுத்தி இன்ஜினை ஆஃப் பண்ணி டோ டிரக்குக்கு போன் பண்ணுங்க, இன்னும் ரெண்டு எக்ஸிட்தானேன்னு ஓட்டினா இன்ஜினே போயிடும். முள்ளு நார்மல்ல இருந்தா வீடு வரைக்கும் போகலாம், ஆனா முன் கண்ணாடி மூச்சுக்காத்துல மூடிக்கும், உள்காத்தையே சுத்த விடுற ரீசர்குலேஷனை ஆஃப் பண்ணிட்டு காத்தைக் கண்ணாடிக்குத் திருப்பி ரெண்டு ஜன்னலையும் விரல் அளவு இறக்கி விடுங்க. பின் கண்ணாடி சூடும் சீட் ஹீட்டரும் கரண்ட்ல ஓடுறதால அது ரெண்டும் வேலை செய்யும், பெரியவங்க யாராவது கூட இருந்தா அந்த சீட்ல உக்கார வைங்க. டிக்கில ஒரு கம்பளி எப்பவும் கிடக்கட்டும், அம்மா ஊருக்குப் போகும்போது விட்டுட்டுப் போன ஷாலை நான் அங்கதான் வச்சிருக்கேன்.